கொழும்பு அலுமாரியில் போர்ட், மதீரா, ஷெரி: விற்பதற்கு முன் பெறுமதி கணிப்பது எப்படி?

வீட்டை விற்கும்போதோ, பெற்றோர் காலமான பின் பிள்ளைகள் பொருட்களைப் பிரிக்கும்போதோ, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு போத்தல்கள் இறங்குவது கொழும்பில் பல குடும்பங்களில் நடக்கிறது. தேயிலைக் கம்பனியில் உயர் பதவியில் இருந்த அப்பா, கப்பலில் வேலை செய்த சித்தப்பா, லண்டனிலிருந்தோ மெல்பேர்னிலிருந்தோ வரும்போதெல்லாம் ஒன்றைக் கொண்டுவந்த மாமா என்று ஒவ்வொரு போத்தலுக்கும் பின்னால் ஒருவர் இருப்பார். அவற்றில் விஸ்கியை எல்லோருக்கும் தெரியும். போர்ட், மதீரா, ஷெரி, மர்சாலா என்று எழுதியவைதான் குழப்பம் தருகின்றன. "ஐம்பது வருடப் பழசு, இலட்சக்கணக்கில் போகும்" என்பார் ஒருவர். "எல்லாம் புளித்திருக்கும், கொட்டிவிடுங்கள்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு பேச்சாலும் நட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் செறிவூட்டிய வைன் வகைகள். திராட்சை மதுவோடு திராட்சையிலிருந்தே வடித்த மதுசாரத்தைச் சேர்த்துச் செய்பவை. மதுசார அளவு பொதுவாக 15 முதல் 22 சதவீதம் வரை இருக்கும். அதனால் சாதாரண வைனைவிட நீண்ட காலம் தாங்கும். ஆனால் எல்லாம் ஒரே மாதிரித் தாங்குவதில்லை. வைனை வைத்திருக்க ஏற்ற வெப்பநிலை 12 அல்லது 13 பாகை செல்சியஸ் அளவு. கொழும்பில் ஆண்டு முழுவதும் சராசரி 27, 28 பாகை. ஆகவே இங்கே ஒரு போத்தலின் பெறுமதியைக் கேட்பவர் முதலில் விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு: இது எந்த வகை, இத்தனை காலம் எங்கே இருந்தது. லேபிளில் உள்ள ஆண்டை அதற்குப் பிறகு பார்க்கலாம். இந்த வரிசை மாறினால் மதிப்பீடு முழுவதும் பிழைத்துவிடும்.

சட்டத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

இலங்கையில் உரிமம் இல்லாமல் மதுபானம் விற்பது 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். "என் வீட்டுப் பொருள், என் நண்பருக்குத்தானே கொடுக்கிறேன்" என்பது பாதுகாப்பான வாதம் அல்ல. காசு கைமாறுவதற்கு முன், இராஜகிரியவில் உள்ள மதுவரித் திணைக்களத்துக்கு உங்கள் நிலைமையை விளக்கி எழுதுங்கள். பரம்பரையாக வந்ததா, நாட்டை விட்டுக் குடிபெயர்வதால் விற்கிறீர்களா, எத்தனை போத்தல், எத்தனை லீற்றர் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, பதிலை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்திருக்கக்கூடிய அளவு, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது ஆகியவற்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். தனியாக விற்க வழியில்லை என்று பதில் வந்தால், உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் ஊடாகச் செய்வது பற்றிப் பேசலாம். மரணசாசனத்தின்படி பங்கு பிரிக்க வேண்டிய சொத்து என்றால் உங்கள் சட்டத்தரணியிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விடயங்கள். 2006 ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய அதிகார சபைச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடை செய்கிறது. எனவே முகநூலிலோ விளம்பரத் தளங்களிலோ படம் போட்டு "விற்பனைக்கு" என்று எழுத வேண்டாம். அதே சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கவும் கூடாது.

விற்க முடியாமல் போனாலும் மதிப்பீடு வீணாகாது. சகோதரர்களுக்குள் பங்கு பிரிக்கும்போது அதுதான் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

போத்தலைத் துடைக்காதீர்கள்

ஈரத்துணியால் லேபிளைத் துடைப்பது, நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய சேதம். நம் வீட்டுப் பழக்கம் அப்படி. தூசியைக் கண்டால் கை போகும். தூசி இருக்கட்டும். மென்மையான உலர் தூரிகையால் லேபிளைச் சுற்றி மட்டும் தட்டிவிடுங்கள். கழுத்தில் உள்ள உறையைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம், மெழுகைச் சுரண்ட வேண்டாம். நின்றபடி இருந்ததை நின்றபடியே, படுத்திருந்ததைப் படுத்தபடியே முதலில் படம் எடுங்கள், ஏனென்றால் எப்படி இருந்தது என்பதே ஒரு சான்று. பல வருடம் நின்ற போத்தலின் தக்கை காய்ந்திருக்கும். அதை இப்போது படுக்க வைத்தால் கசியலாம். படம் எடுத்த பின் எல்லாவற்றையும் வீட்டில் மிகக் குளிரான, வெளிச்சம் குறைந்த அறைக்கு மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதி வேண்டவே வேண்டாம்.

வகை பிரித்தல்

இங்கே நேரம் செலவழியுங்கள். காசு இருக்கும் இடமும் இதுதான், ஏமாற்றம் இருக்கும் இடமும் இதுதான்.

போர்ட் என்பது வடக்குப் போர்த்துக்கலின் டோரோ பள்ளத்தாக்கில் இருந்து வருவது. 1756 இலேயே அந்தப் பகுதிக்கு எல்லை வகுத்துவிட்டார்கள். புளித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாற்றில் 77 சதவீத மதுசாரத்தைச் சேர்த்துப் புளிப்பதை நிறுத்துவதால் இனிப்பு தங்கிவிடுகிறது. போர்த்துக்கலில் அடைத்த போத்தலின் கழுத்தில் எண்ணிட்ட காகித முத்திரை இருக்கும். அதைப் படம் எடுங்கள். பிறகு லேபிளில் எந்தச் சொல் இருக்கிறது என்று தேடுங்கள். "ரூபி", "ரிசேர்வ்" என்றால் கடையில் வாங்கி உடனே குடிப்பதற்காகச் செய்தவை. பழசானதால் விலை ஏறாது. "லேட் பொட்டில்ட் வின்டேஜ்" என்றால் அறுவடைக்கு நாலு முதல் ஆறு ஆண்டுகளுக்குப் பின் அடைத்தது. லேபிளில் ஆண்டு இருப்பதைப் பார்த்து இதை வின்டேஜ் போர்ட் என்று எண்ணி ஏமாறுபவர்கள் நிறையப் பேர். இதன் விலை பல மடங்கு குறைவு.

"வின்டேஜ் போர்ட்" ஒரே ஆண்டின் அறுவடையில் செய்து, அதன் பின் இரண்டு, மூன்று ஆண்டுக்குள் அடைக்கப்பட்டு, போத்தலுக்குள்ளேயே பல தசாப்தம் முதிர்வது. சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான். டெய்லர், கிரஹாம், பொன்சேகா, டவ், வார், கின்டா டோ நொவால் போன்ற பெயர்களும், 1945, 1955, 1963, 1966, 1970, 1977, 1985, 1994 போன்ற ஆண்டுகளும் சேர்ந்திருந்தால் கவனமாகக் கையாளுங்கள். 1970 வரைக்குமான வின்டேஜ்களில் ஒரு பகுதி பீப்பாயில் பிரித்தானியாவுக்குப் போய் அங்குள்ள வணிகர்களால் அடைக்கப்பட்டது. ஆகவே லேபிள் வேறாக இருப்பதும், முத்திரை இல்லாததும், சில வேளை லேபிளே இல்லாமல் வெள்ளைச் சாயக் கோடு மட்டும் இருப்பதும் போலிக்கு அடையாளம் அல்ல. படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்காகப் பூசிய கோடு அது. லேபிள் போய்விட்ட போத்தலைக் கழுத்து உறையில் பதித்த எழுத்தையும், தக்கையில் பொறித்த பெயரையும் ஆண்டையும் வைத்து அடையாளம் காணலாம். தக்கையைப் பார்க்க உறையை வெட்டுவதை வாங்குபவர் முன்னிலையில் அல்லது விடயம் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

"டோனி" என்பது மரப்பீப்பாயில் முதிர்ந்து பழுப்பு நிறமானது. 10, 20, 30, 40 ஆண்டு என்று லேபிளில் இருப்பது பீப்பாயில் முதிர்ந்த தன்மையைக் குறிக்கிறது. உங்கள் அலுமாரியில் இருந்த காலத்தை அதோடு கூட்ட முடியாது. "கொலெய்ட்டா" என்றால் ஒரே அறுவடையின் டோனி, குறைந்தது ஏழு ஆண்டு பீப்பாயில் இருந்தது. அதில் அறுவடை ஆண்டும், அடைத்த ஆண்டும் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மதீரா. கொழும்பில் உள்ளவர் மிக உன்னிப்பாகத் தேட வேண்டியது இதையே என்பது என் உறுதியான எண்ணம். அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள மதீராத் தீவின் வைன், பழைய நாட்களில் கப்பல்களின் அடித்தளத்தில் வெப்ப மண்டலம் தாண்டிப் போய் வந்தபோது முன்பைவிடச் சுவையாக இருந்ததைக் கண்டார்கள். அன்றிலிருந்து வேண்டுமென்றே சூடாக்கிச் செய்கிறார்கள். சாதாரண வகையை 45 பாகைக்கு மேல் மூன்று மாதமாவது சூடாக்குவார்கள். உயர்ந்த வகையைப் பீப்பாயில் இட்டு, வெயில் படும் கூரைக்குக் கீழ் பல ஆண்டு விடுவார்கள். ஆகவே நம் வெக்கை அதற்குப் புதிது அல்ல. போர்ட்டைக் கெடுத்த அதே அலுமாரியில் மதீரா நன்றாக இருந்திருக்கலாம். போத்தலை நின்றபடி வைப்பதும் அதற்குச் சரியான முறைதான்.

மதீராவில் செர்சியல், வெர்டெலோ, போவால், மால்ம்சி என்ற திராட்சைப் பெயர்களைத் தேடுங்கள். முதலாவதில் இனிப்பு மிகக் குறைவு, கடைசி மிக இனிப்பு. டெர்ரான்டெஸ் என்று இருந்தால் அது அரிய வகை. "ஃபிராஸ்கேய்ரா" என்றோ, திராட்சைப் பெயரோடு தனி ஆண்டு ஒன்றோ இருந்தால், அது குறைந்தது இருபது ஆண்டு பீப்பாயில் இருந்ததாக இருக்கக்கூடும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு பொறி உண்டு: "சொலேரா 1860" என்பது போல எழுதியிருந்தால் அந்த ஆண்டு பீப்பாய் வரிசை தொடங்கிய ஆண்டு மட்டும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி அதற்குப் பல காலம் பின்னர் சேர்த்தது. அதற்கும் பெறுமதி உண்டு, ஆனால் 1860 அறுவடையின் பெறுமதி அல்ல. "ஐந்து ஆண்டு", "பத்து ஆண்டு" என்று மட்டும் இருப்பவை கடை வகைகள்.

ஷெரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியிலிருந்து வரும் இதில் "ஃபினோ", "மன்சனில்லா" இரண்டும் புதிதாகக் குடிக்க வேண்டியவை. கொழும்பில் பத்து வருடம் இருந்தால் பெறுமதி பூச்சியம். கிரீம் ஷெரி கெட்டுப்போகாமல் இருக்கலாம், ஆனால் சேகரிப்பாளர் அதைத் தேடி வருவதில்லை. ஒலொரோசோ, பேட்ரோ ஹிமேனெஸ் வகைகளில் 20 ஆண்டுக்கான "விஓஎஸ்", 30 ஆண்டுக்கான "விஓஆர்எஸ்" என்ற எழுத்துகள் இருந்தால் மட்டும் விசாரியுங்கள். சிசிலியின் மர்சாலாவும் பெரும்பாலும் சமையல் தரத்தில்தான் கிடைக்கும். அவுஸ்திரேலிய உறவினர் கொண்டுவந்தவற்றில் ரதர்க்ளென் மஸ்கட் என்ற இனிப்பான செறிவூட்டிய வைனின் பழைய வகைகள் கவனிக்கத்தக்கவை. பழைய அவுஸ்திரேலியப் போத்தல்களில் "போர்ட்" என்று எழுதியிருந்தாலும் அவை போர்த்துக்கலில் இருந்து வந்தவை அல்ல, வேறாகத் தேடிப் பாருங்கள். வெர்மூத், டொனிக் வைன் ஆகியவற்றை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

நிலைமையைப் பார்த்தல்

இருட்டிய அறையில், கைபேசி வெளிச்சத்தைப் போத்தலின் பின்னால் பிடியுங்கள். திரவ மட்டம் எங்கே நிற்கிறது? கழுத்துக்குள் இருந்தால் மிக நன்று. கழுத்து முடியும் இடத்தில் என்றால் பழைய போத்தலுக்கு வழமையானது. தோளின் மேற்பகுதி வரை இறங்கியிருந்தால் விலை குறையும். தோளின் நடுவுக்குக் கீழே என்றால், மதீரா தவிர மற்றவற்றை வெறும் ஞாபகப் பொருளாகவே கொள்ளுங்கள்.

பிறகு தக்கையைப் பாருங்கள். கழுத்து உறை மேலே தள்ளியிருந்தால் சூட்டில் உள்ளே விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. உறையைச் சுற்றிப் பிசுபிசுப்பான கறை இருந்தால் கசிந்திருக்கிறது. உள்ளே நிறத்தைப் பாருங்கள்: வின்டேஜ் போர்ட் வெளிறிப் பழுப்பாகி, அதன் ஆண்டு அவ்வளவு பழையதும் இல்லை என்றால் வெப்பம் வேலை செய்துவிட்டது. அடிமண்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். வின்டேஜ் போர்ட்டில் அது இருக்க வேண்டியதே. லேபிளில் பூஞ்சை, இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை, ஈரத்தால் மை கலைந்த இடம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கடைசியாகப் போத்தலின் வரலாறு. யார், எப்போது, எங்கே வாங்கினார்? பற்றுச்சீட்டு, தீர்வையற்ற கடையின் பை, பரிசோடு வந்த அட்டை, மரப்பெட்டி எதுவும் இருந்தால் எடுத்து வையுங்கள். நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ உள்ள பங்களாவில் முப்பது வருடம் இருந்து, போன வருடம்தான் வெள்ளவத்தைக்கு வந்தது என்றால் அது பெரிய விடயம். மலையகக் குளிர் போத்தலைக் காத்திருக்கும். காலி வீதிப் பக்கம், மேற்கு வெயில் படும் சுவரில் உள்ள அலுமாரி என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். நல்ல சேதியை மட்டும் சொல்லும் விற்பனையாளரை அனுபவமுள்ள வாங்குபவர் நம்புவதில்லை.

விலைக்கு வருதல்

இணையத்தில் போத்தலின் பெயரை அடித்ததும் வரும் முதல் எண்ணை யாரும் உங்களுக்குத் தரப்போவதில்லை. அது ஒரு கடை கேட்கும் விலை. விற்ற விலை அல்ல. வைன்-சேர்ச்சர் போன்ற தளத்தில் கடைகள் கேட்கும் விலையைப் பாருங்கள், பிறகு கிறிஸ்டீஸ், சொத்பீஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளைத் தேடுங்கள். ஒரே உற்பத்தியாளர், ஒரே ஆண்டு, ஒரே கொள்ளளவு என்று பார்ப்பது அவசியம். அரைப் போத்தலை முழுப் போத்தலோடும், பன்னிரண்டு போத்தல் பெட்டியின் விலையை ஒரு போத்தலோடும் கலந்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி நிகழ்கிறது.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வின்டேஜ் போர்ட்டுக்கு லண்டன் கடை 120 பவுண்ட் கேட்கிறது. அதில் 20 சதவீத வரி அடக்கம், கழித்தால் 100. ஏலத்தில் அதே போத்தல் 60, 68, 75, 140 பவுண்டுக்குப் போயிருக்கிறது. 140 என்பது நேரே தயாரிப்பாளரின் நிலவறையிலிருந்து வந்த போத்தலாக இருக்கலாம். அதை ஒதுக்கிவிட்டு 70 என்று வைத்துக்கொள்வோம். ஏல முடிவில் வாங்குபவர் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்: 20 சதவீதக் கட்டணத்தோடு 84 என்று காட்டியிருந்தால் ஏலத்தொகை 70 தான். விற்பவரிடமும் தரகு எடுப்பார்கள் என்பதால், லண்டனில் நன்றாக வைத்திருந்த ஒருவர் கையில் ஏறத்தாழ 60 பவுண்ட் வரும்.

இனி கொழும்புக்கு வருவோம். குளிரூட்டிய அறையில் படுத்திருந்து, மட்டம் கழுத்துக்குள் உள்ள போத்தலுக்கு இந்த 60 இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40 பவுண்ட், நியாயம் என்பேன். சாதாரண அலுமாரியில் பத்து வருடத்துக்கு மேல் நின்று, மட்டம் தோளுக்கு இறங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது 20 பவுண்டுக்கு மேல் கேட்க மாட்டேன். அதே அலுமாரியில் இருந்த ஆண்டு குறித்த மதீராவுக்கு, தக்கை உறுதியாக இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும். டோனி இரண்டுக்கும் இடையில். இந்த விகிதங்கள் என் அனுபவத் தீர்ப்பு; வாங்குபவர் வேறு விகிதம் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். கிடைத்த தொகையை அன்றைய மத்திய வங்கி நாணய மாற்று விகிதத்தில் ரூபாய்க்கு மாற்றி, திகதியையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ரூபி, பத்தாண்டு டோனி, கிரீம் ஷெரி போன்ற கடை வகைகளுக்கு லண்டன் விலை உதவாது. இறக்குமதி வைன் மீது இங்கே வரி கடுமையாக இருப்பதால் கொழும்பில் அதே போத்தல் இன்னும் உயர்ந்த விலைக்கு இருக்கும். உரிமம் பெற்ற கடையொன்றில் இன்று புதிய போத்தல் என்ன விலை என்று பார்த்து, அதில் பாதியைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். புதியதைக் கடையில் வாங்க முடிகிற ஒருவர், பழையதற்கு முழு விலை தர வேண்டிய காரணம் இல்லை.

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். மதுபானப் பொதியைத் தனி நபரிடமிருந்து ஏற்கும் கூரியர் சேவையைக் கண்டுபிடிப்பதே கடினம். ஏற்றுமதி ஆவணம், காப்புறுதி, அங்கே இறக்குமதி வரி என்று கூட்டினால் பன்னிரண்டு போத்தலுக்குக் கட்டுப்படியாகாது. மிக அரிய மதீரா ஒன்று கையில் இருந்தால் மட்டும், நல்ல படங்களோடு ஏல நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி உத்தேச மதிப்புக் கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் இதை இலவசமாகவே செய்கின்றன.

பட்டியலும் பேச்சும்

ஒரு தாளில் ஒரு போத்தலுக்கு ஒரு வரி: உற்பத்தியாளர், வகை, ஆண்டு, கொள்ளளவு, முத்திரை எண், மட்டம், லேபிள், தக்கை, இருந்த இடம். ஒவ்வொன்றுக்கும் மூன்று தொகை முடிவுசெய்யுங்கள்: இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்பது, நியாயம் என்று நினைப்பது, முதலில் கேட்பது. கடைசி இரண்டுக்கும் இடையில் அதிக தூரம் வேண்டாம். விடயம் தெரிந்தவரோடு பேசும்போது அது உங்கள் நம்பகத்தைக் குறைக்கும். இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்ற தொகையை மட்டும் தாளில் எழுதாமல் மனதிலேயே வைத்திருங்கள்.

மொத்தமாக எடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால், நல்ல இரண்டு போத்தலின் விலைக்கே மற்றப் பத்தையும் சேர்த்துக் கேட்கிறாரா என்று வரிவரியாகக் கூட்டிப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே நடக்கும். ஆனால் கடை வகைகளை ஒவ்வொன்றாக விற்று அலைவதைவிட, சிறிய கழிவு கொடுத்து ஒரே ஆளிடம் முடிப்பது நல்லது. ஹோட்டல்களை நம்பி இருக்க வேண்டாம். அவர்கள் உரிமம் பெற்ற வழங்குநரிடமிருந்து ஆவணத்தோடு வாங்க வேண்டியவர்கள்.

ஒரே வகையில் நாலு, ஐந்து போத்தல் ஒரே இடத்தில் இருந்திருந்தால், வாங்குபவர் முன்னிலையில் ஒன்றைத் திறவுங்கள். நன்றாக இருந்தால் மிச்சமுள்ளவற்றின் விலை உறுதியாகும், பேரம் அதோடு முடியும். கெட்டிருந்தால் அவரிடம் தவறான பொருளைக் கொடுத்து உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் தப்பினீர்கள். ஒற்றைப் போத்தலில் இது முடியாது என்பதால், "உள்ளே எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வெளி நிலைமை இது" என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். திணைக்களத்தின் பதில் கடிதப் பிரதியையும் அதோடு இணையுங்கள்.

கொடுக்கும்போது வாங்குபவரிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. வின்டேஜ் போர்ட்டைக் காரில் குலுங்கிக் கொண்டுபோன பின் ஓரிரு நாள் நிமிர்த்தி வைத்து, மண்டி அடியில் தங்கிய பிறகே திறந்து மெதுவாக வேறு பாத்திரத்துக்கு வடிக்க வேண்டும். திறந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிட வேண்டும். டோனி சில வாரங்கள் தாங்கும். மதீரா திறந்த பின்னும் மாதக்கணக்கில் இருக்கும். விலை போகாமல் மிஞ்சும் ரூபியும் கிரீம் ஷெரியும் நத்தார் கேக்குக்குப் பழங்களை ஊறவைக்க நன்றாக உதவும். ஒரு துளி சுவைத்து, வினாகிரி வாடை இல்லை என்று உறுதிசெய்த பின் பயன்படுத்துங்கள்.